வெயில் காலத்துக் கானாங்கோழி வேட்டை

மழை நின்று மூன்று வாரம் ஆனால் போதும். தோட்டத்துக் கால்வாய்கள் வற்றி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேற்றுக் குட்டைகள்தான் மிஞ்சும். புல்லுக்குள் ஒளிந்து திரியும் கானாங்கோழி தண்ணீருக்கு அங்கேதானே வந்தாக வேண்டும்? மலாய்க்காரர்கள் 'ருவாக் ருவாக்' என்கிற வெள்ளை மார்புப் பறவையைத்தான் சொல்கிறோம். உடனே லஸ்திக்கும் கையுமாகப் பையன்கள் கிளம்பிவிடுவார்கள்.

நாமும் அப்படிக் கிளம்பியவர்தாம், ஒளிப்பானேன்? பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு ஓடுவோம். அம்மா மிளகு போட்டு வறுத்துத் தருவார். ஆளுக்கு ஒரு துண்டு கிடைத்தால் அதிகம்.

சென்ற மாதம் கிள்ளான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். உச்சி வெயில். நான்கு பையன்கள் முழங்கால் சேற்றில் நின்றார்கள். கரையில் இரண்டு பறவை. பக்கத்திலேயே காலி மருந்துத் தோங்குகள். மருந்தடிக்கும் பம்புகளைக் கழுவுகிற இடமே அந்தக் குட்டைதானாம்!

"யாருக்குடா தம்பி இது?" என்றோம்.

"அப்பாதான் மாமா, கறிக்குப் பிடிச்சிட்டு வரச் சொன்னாரு."

தோழர்களே, குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கும் அல்லவா? குட்டையும் அப்படித்தான். தண்ணீர் குறையக் குறைய மருந்தின் காரம் ஏறும். பாராகுவாட் களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் அரசாங்கம் தடை செய்தது உண்மை. ஆனால் வேறு மருந்துகள் இருக்கின்றனவே! அந்தச் சேற்றில் புழு பூச்சி தின்ற பறவைதான் நம் பிள்ளையின் தட்டுக்கு வருகிறது. போதாததற்கு எலி மூத்திரம் கலந்த தண்ணீர். காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், எலிக்காய்ச்சல் உள்ளே புகுந்துவிடும்.

சட்டமும் சும்மா இல்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கானாங்கோழி பாதுகாக்கப்பட்ட பறவை. வயிற்றுப்பாட்டுக்காக வேட்டையாட ஓராங் அஸ்லி மக்களுக்கு விலக்கு உண்டு. நமக்கு லைசென்ஸ் வேண்டும். கண்ணி வைப்பதும் குற்றமே. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியிருக்கிறது. பறவையோ சுமார் இருநூறு கிராம்! அதற்காக 1,700 வெள்ளி சம்பளக்காரன் கோர்ட்டில் நிற்பதா?

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா நகரமே 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் எழுந்ததுதான். தோட்டம் வீடமைப்பாக மாறினால் பறவைக்கு மிஞ்சுவது கால்வாய் ஓரமும் பழைய ஈயக்குட்டையும். இருந்த இடம் பறிபோவது எப்படியென்று நமக்குத் தெரியாதா?

பையன்களுக்குப் பறவை பார்க்க ஆசையா? டெங்கிலில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் பாயா இண்டா ஈரநிலம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். பம்பு கழுவத் தனி இடமும் நல்ல தண்ணீரும் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. லஸ்திக்கை வாங்கி வைப்பது பெற்றோர் வேலை. குட்டையைச் சுத்தமாக்குவது நம் எல்லோர் வேலை.