தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்பது அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தேவையான மருந்துகளையும் கருவிகளையும் கொள்முதல் செய்து வழங்கும் தமிழக அரசு நிறுவனம் ஆகும். இது 1994 ஆம் ஆண்டு சூலை மாதம் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டது. 1995 சனவரி முதல் மருந்து வழங்கலைத் தொடங்கியது.

தேவை

மருத்துவர் இருந்தும் மருந்து இல்லையெனில் மருத்துவமனையால் பயனில்லை. செஞ்சிப் பகுதியிலுள்ள மேல்சித்தாமூர் போன்ற சிற்றூர்களில் வாழும் கூலித் தொழிலாளி ஒருவர், நீரிழிவு மாத்திரைகளை மாதந்தோறும் வெளியில் வாங்க நேர்ந்தால், பணமில்லாத மாதத்தில் சிகிச்சையையே நிறுத்திவிடக்கூடும். எனவே தடையற்ற மருந்து வழங்கல் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

செயல்படும் முறை

உலக சுகாதார அமைப்பு 1977 இல் வெளியிட்ட இன்றியமையா மருந்துப் பட்டியலின் கருத்தைப் பின்பற்றி, தேவையான மருந்துகள் மட்டும் பட்டியலிடப்படுகின்றன. அவை வணிகப் பெயரில் அன்றி மருந்தின் பொதுப்பெயரிலேயே வாங்கப்படுகின்றன. மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரப்படுவதால் விலை குறைகிறது. ஒப்பந்தப்புள்ளியில் முதலில் நிறுவனத்தின் தகுதி ஆராயப்படும். தகுதி பெற்றவர்களின் விலை மட்டுமே பின்னர் பிரிக்கப்படும்.

மருந்துகள் விழுப்புரம் உள்ளிட்ட நகரங்களில் உள்ள கிடங்குகளுக்கு நேரடியாக வந்து சேரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகத்தைப் போன்ற ஒரு கையேடு உண்டு. அதில் அவ்வாண்டுக்கான ஒதுக்கீடு வரவாகவும், பெற்ற மருந்தின் மதிப்பு செலவாகவும் பதியப்படும். இதனால் மேலிருந்து அனுப்பியதை ஏற்கும் நிலை மாறி, அந்தந்த ஊரின் தேவைக்கேற்ப மருந்து பெற முடிகிறது. கிடங்குகளின் இருப்பு கணினி வழியே தலைமையகத்தில் கண்காணிக்கப்படுகிறது. இருப்பு குறையும்போது புதிய கொள்முதல் ஆணை அனுப்பப்படும்.

தரக் கட்டுப்பாடு

ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டு, தயாரிப்பாளரின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகங்களுக்கு அனுப்பப்படுகின்றன. யாருடைய மருந்து என்பது ஆய்வாளருக்குத் தெரியாது. ஆய்வில் தேறிய பின்னரே மருந்து மருத்துவமனைகளுக்கு விடுவிக்கப்படும். தொடர்ந்து தரம் குறையும் நிறுவனங்கள் விலக்கப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. மருந்துகள் வெளிச்சந்தைக்குக் கடத்தப்படுவதைத் தடுக்க, அவை அரசு வழங்கல் என்பதும் விற்பனைக்கு உரியவை அல்ல என்பதும் உறைகளில் அச்சிடப்படுகின்றன.

வரம்புகள்

ஆண்டுத் தேவையைத் தவறாகக் கணித்தாலோ, வழங்குநர் காலம் தாழ்த்தினாலோ தட்டுப்பாடு ஏற்படும். இத்தகைய அவசர நிலைகளுக்காக ஒதுக்கீட்டின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு உள்ளூரில் வாங்க மருத்துவமனைகளுக்கு அனுமதி உண்டு.

பிற மாநிலங்கள்

இம்முறையை ஒட்டி கேரளம் 2007 இலும் இராசத்தான் 2011 இலும் இத்தகைய கழகங்களை அமைத்தன. இராசத்தானில் 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட இலவச மருந்துத் திட்டம் அம்மாநிலக் கழகத்தின் வழியாகவே செயற்படுத்தப்பட்டது.