முன்னுரைக்கும் முடிவுரைக்கும் நடுவே

ஜூலை 18 தமிழ்நாடு நாள். 1967இல் அந்தத் தேதியில்தான் சென்னை மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14இல். இந்த நாளை அரசு கொண்டாடும் என்று 2021இல் அறிவிக்கப்பட்ட பிறகு, தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் பள்ளி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்திவருகிறது. மாவட்ட அளவில் முதல் பரிசு 10,000 ரூபாய். அடுத்தவை 7,000, 5,000. பெயர் மாற்றத்தின் வரலாறும் அதற்காகப் பாடுபட்டவர்களின் வாழ்க்கையுமே பெரும்பாலும் தலைப்பாகின்றன. ஆகவே, இன்று சேலம், நாமக்கல் மாவட்டப் பிள்ளைகள் எளிதில் கலந்துகொள்ளக்கூடிய வரலாற்றுக் கட்டுரைப் போட்டி என்றால் அது இதுதான்.

போட்டிக்குத் தயாராகும் முறை தமிழ்த் தேர்வுக்குத் தயாராகும் முறையேதான். குறிப்புச் சட்டகம் முதலில் வரும். தாளின் நடுவே கறுப்பு மையில் ‘முன்னுரை’ என்று எழுதி அடிக்கோடு; கீழே நீல மையில் நான்கு வரி. பிறகு உட்தலைப்புகள், தலைப்புக்குப் பொருந்துகிறதோ இல்லையோ ஒரு குறள், கடைசியில் ‘முடிவுரை’. பெயர் மாற்றம் கோரிச் சங்கரலிங்கனார் இருந்த உண்ணாநோன்பு 1956 ஜூலை 27இல் தொடங்கியது, அக்டோபர் 13இல் அவர் உயிர் பிரிந்தது என்பதைத் தமிழாசிரியர் தந்த குறிப்பிலிருந்து பிள்ளைகள் பிசகாமல் எழுதிவிடுவார்கள். ஒரே குறிப்பைப் படித்த பத்துப் பேரின் தாள்களைப் பிரித்தறியக் கையெழுத்து ஒன்றே அடையாளம். பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டதைத்தான் கொடுக்கிறார்கள்.

வரலாற்றுக் கட்டுரைக்கு இந்தச் சட்டகம் போதாது. அதற்கு ஒரு கேள்வி வேண்டும். கேள்விக்குச் சான்று தேட வேண்டும். சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதை ஏற்பது, ஏன் என்று சொல்ல வேண்டும். இதைக் கற்றுக்கொள்ளச் சேலத்துப் பிள்ளை வெளியூர் போக வேண்டியதில்லை. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்ற பெயரில் வழிபடப்பட்டுவந்த சிலையே போதும். அது புத்தர் சிலை என்று ஒரு வழக்கு 2011இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் கேட்டுக்கொண்டபடி தொல்லியல் துறையினர் சிலையை நேரில் ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள்முடி, உச்சியில் முடிச்சு, நீண்ட காதுமடல். நெற்றியில் இருக்க வேண்டிய திலகக் குறி மட்டும் தென்படவில்லை. துண்டாகிக் கிடந்த தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்து உடலோடு ஒட்டியிருந்தார்கள். இந்த அறிக்கையின் அடிப்படையில், சிலை புத்தருடையதே என்றும் தொல்லியல் துறை அதைப் பொறுப்பேற்க வேண்டும் என்றும் 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது. கிடைக்காத அடையாளத்தையும் மறைக்காமல் எழுதினார்களே, அதுதான் மாணவர் கட்டுரைக்குப் பாடம். புத்தர் எப்போது முனியப்பன் ஆனார், தலையை வெட்டியது யார் என்பவை இன்னும் எழுதப்படாத கட்டுரைகள்.

எழுதப்படாதவை வேறும் உண்டு. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அரசு மதுவிலக்கைச் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். கள்ளுக்கடை வருமானம் போனதால் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி வந்தது. கடை ரசீதின் அடியில் இருக்கும் வரிக்கு இந்த ஊரில் ஒரு வேர் இருக்கிறது என்று எந்த வழிகாட்டி நூலும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. 1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் அப்படித்தான்.

இப்படி ஊர் வரலாற்றைத் தேட வைக்கும் போட்டிகள் வேறு நாடுகளில் உண்டு. ஜெர்மனியில் 1973இல் குடியரசுத் தலைவர் ஹைனமான், தொழிலதிபர் கெர்பர் இருவரின் முயற்சியில் மாணவர்களுக்கான வரலாற்றுப் போட்டி தொடங்கியது. பிள்ளைகள் தத்தம் ஊரிலேயே தேடி எழுத வேண்டும் என்பது அதன் போக்கு. 1980-81இல் நாஜி ஆட்சிக்கால அன்றாட வாழ்க்கை தலைப்பானது. பாஸாவ் நகரில் ஆன்னா ரோஸ்முஸ் என்ற இளம்பெண் அதற்காகத் தன் ஊர்ப் பெரிய மனிதர்களின் பழங்கதையைக் கிளறப்போக, ஆவணக் காப்பகக் கதவுகள் அவருக்கு எளிதில் திறக்கவில்லை. விடாமல் தேடியதை 1983இல் நூலாக்கினார். அந்த அனுபவத்தைத் தழுவி 1990இல் திரைப்படமும் வந்தது. அமெரிக்காவில் 1974 முதல் நடக்கும் தேசிய வரலாற்று நாள் போட்டியில், எந்தச் சான்றை எதற்காகப் பயன்படுத்தினேன் என்று மாணவர் குறிப்பெழுதித் தர வேண்டும். நம் போட்டிக்கு உடனடியாகக் கடன் வாங்கத் தகுந்தது இந்த ஒரு விதி.

சேலத்துக்குச் சான்றுப் பஞ்சம் இல்லை. லெ ஃபானு எழுதிய மாவட்டக் கையேடு 1883இல் வந்தது. ரிச்சர்ட்ஸ் தொகுத்த கெஜட்டியர் 1918இல். நாமக்கல் மலையைக் குடைந்த அரங்கநாதர் குகைக் கோயிலில் அதியர் மரபுக் குணசீலன் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஆங்கில நூல்கள் கடினம் என்றால் வரலாற்று ஆசிரியர் இரண்டு பக்கத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் போதும்.

காகிதத்தில் ஏறாத சான்றுக்கு மேட்டூர் அணை நல்ல எடுத்துக்காட்டு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணையின் நீர்த்தேக்கத்தில் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் நன்றாக இறங்கும் கோடைகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். மறுநாளே செய்தித்தாளில் படமும் வரும். இழப்பீடு எவ்வளவு, எந்தக் குடும்பம் எங்கே குடியேறியது, குலதெய்வக் கல்லைத் தூக்கிப்போனார்களா விட்டுப்போனார்களா என்பது அந்தப் படத்தில் இருக்காது. ஊரைக் காலி செய்து வந்தவர்கள் அநேகமாக இன்று இல்லை. அவர்கள் வாயால் கேட்ட மகன்களுக்கும் மகள்களுக்கும் எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளைகளை, ஒரு நோட்டோடு முதலில் அந்தத் திண்ணைகளுக்கு அனுப்புங்கள்.