அப்பாவின் பாட்டு எங்கே போயிற்று?

2008-ல் மாட்டுங்கா கடைத்தெருவில் அப்பாவுக்காக ஒரு பழைய தமிழ்ப் படத்தின் டிவிடி வாங்கி வந்தேன். தஞ்சாவூரில் படிக்கும்போது நாலு தடவை பார்த்த படம் என்று அடிக்கடி சொல்வார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆசையோடு உட்கார்ந்தார். அவர் காத்திருந்த பாட்டு வரவேயில்லை. படம் சட்டென்று அடுத்த காட்சிக்குத் தாவிவிட்டது. "பிரிண்டை எலி கடித்திருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

எலி கடிக்கவில்லை என்பது, சென்னையில் வீடியோ வியாபாரத்தில் பல வருடம் இருந்த என் உறவினர் ஒருவர் விளக்கிய பிறகுதான் தெரிந்தது.

பழைய படத்தை வெளியிட நினைக்கும் கம்பெனி, அது நல்ல படமா என்று முதலில் பார்ப்பதில்லையாம். யார் கையெழுத்துப் போடுவது என்றுதான் பார்க்கும். அந்தக் காலத்தில் தியேட்டரில் ஓட்டும் உரிமையை ஏரியா ஏரியாவாக விற்றார்கள். கடன் கொடுத்தவரிடம் நெகட்டிவை அடமானம் வைத்தார்கள். அந்தப் பத்திரங்களில் வீடியோ என்ற சொல்லே கிடையாது. தயாரிப்பாளர் காலமாகியிருப்பார். வாரிசுகள் நாலு பேர் சம்மதித்தால், ஐந்தாவதாக ஒருவர் வக்கீல் நோட்டீஸோடு வந்து நிற்பார்.

நம் நாட்டில் ஒரு படத்தின் காப்புரிமை, அது வெளியான வருடம் முடிந்து 60 ஆண்டுகள்தான். 1964-ல் வந்த 'கர்ண'னுக்கு அது 2024 டிசம்பரோடு தீர்ந்தது. அப்படியானால் வழி திறந்துவிட்டதே என்று கேட்டேன். "யாருக்கும் சொந்தமில்லாத படத்துக்கு யார் முதல் போடுவார்கள்?" என்று சிரித்தார்.

முதல் என்பது சின்னத் தொகையல்ல. 1950-களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக் கூடியது. பிறகு வந்த அசிடேட் பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றமடித்துச் சுருங்கிப் போகும். சென்னையின் சீதோஷ்ணத்தைத்தான் நாமறிவோமே! வினாடிக்கு 24 சட்டம் என்றால், இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டங்கள். கீறலும் கறையும் நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டியது இத்தனையை. ஒலியைச் சீராக்குவது தனி வேலை. 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டு 2012-ல் முதலில் தியேட்டருக்குத்தான் வந்தது, கூட்டமும் வந்தது. எல்லாப் படத்துக்கும் அந்த யோகம் வாய்க்குமா?

வீட்டு டிஸ்க்கை மட்டும் நம்பி இவ்வளவு செலவழிக்க முடியாது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. ஊரைவிட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய உபகாரம். நானே பை நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்த விலைக்குப் போட்டியாக நிற்கிற எவரும் நெகட்டிவைத் தேடிப் போகமாட்டார்கள். கைக்குக் கிடைத்த டேப்பை அப்படியே டிஸ்க்கில் ஏற்றிவிடுவார்கள். அப்பாவின் டிவிடி வேறொரு கம்பெனியுடையது. டெலிவிஷன் நேரத்துக்காக வெட்டிய டேப்பிலிருந்து எடுத்திருப்பார்கள் என்பது உறவினரின் ஊகம்.

இப்போது டிஸ்க் கடைகளும் போய்விட்டன. யூடியூபில் தேடினேன், அங்கேயும் பாட்டில்லாத அதே பிரதிதான்.

அப்பாவுக்கு எண்பத்தெட்டு வயதாகிறது. தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் போட்ட நாட்களில் பதிவு செய்த கேசட்டுகள் அன்பர்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், காயலான் கடைக்குப் போடுமுன் சங்க நூலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படத்தின் பெயரை நேரில் சொல்கிறேன். பாட்டை அப்பாவே பாடிக் காட்டுவார்.