பாய்க்குத் துணையாக மின்மோட்டார்

பாய் வள்ளத்தில் மின்மோட்டாருக்கு உள்ள வேலை சிறியது: காற்று விழுந்த நேரத்தில் வள்ளத்தைக் கரை சேர்ப்பது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சோளகமும் வாடையும் வீசும் மாதங்களில் பாய்க்குக் குறைவில்லை. இடைப்பட்ட பங்குனி, சித்திரை, ஐப்பசி மாதங்களில் காற்று அடிக்கடி அடங்கிவிடும். அப்போது முன்னோர் மரக்கோலால் தாங்கினார்கள், துடுப்பு வலித்தார்கள். பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியதும் எரிபொருட் செலவு ஏறத்தாழ நான்கு மடங்கானது. மின்மோட்டாரைப் பற்றி எண்ண இது போதுமான காரணம்.

மின்மோட்டாரின் கணக்கில் முதன்மையானது வேகம். வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ எட்டு மடங்கு வலு வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் அதே மின்கலத்தில் நான்கு மடங்கு தூரம் போகலாம். ஒரு குதிரைவலு 746 வாற்று. 18 அடி வள்ளத்தை மெதுவாக நகர்த்த ஒரு கிலோவாற்று மோட்டார் போதும்.

48 வோல்ற்று, 100 அம்பியர்-மணி மின்கலத்தொகுதி 4.8 கிலோவாற்று-மணி மின்சாரம் கொள்ளும். லித்தியம் வகையில் இதில் எண்பது வீதத்தைப் பயன்படுத்தலாம்; ஒரு கிலோவாற்றில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் ஆயுள் குறையும். நிறையும் லித்தியத்தைப்போல் இரு மடங்குக்கு மேல். எதுவானாலும் வள்ளத்தின் நடுவில், அடித்தளத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும்.

200 வாற்று சூரியத் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஒரு கிலோவாற்று-மணிக்குச் சற்றுக் குறைவாகத் தரும். எனவே முழு மின்னேற்றம் கரையில்தான். பாயில் ஓடும்போது சுழல் விசிறியைத் தண்ணீரே சுற்றவைத்து மின்சாரம் எடுக்கலாம். ஆனால் அது வள்ளத்தை இழுத்துப் பிடிக்கும். சிறிய, மெதுவான வள்ளத்தில் கிடைப்பது அற்பமே.

யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழம் குறைந்தது. கடலடியில் வளரும் சாதாளை விசிறியில் சுற்றும். ஆகையால் தூக்கி வைக்கக்கூடிய மோட்டாரே பொருத்தம். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் நன்னீரால் கழுவி, துருவைத் தன்மீது ஏற்கும் நாகத் துண்டைத் தேய்ந்ததும் மாற்ற வேண்டும். மின்கலத்தை நீர் புகாப் பெட்டியில் வைத்து, அதனருகிலேயே உருகி பொருத்த வேண்டும்.

கேரளத்தின் வைக்கத்தில் 75 பேரை ஏற்றும் ஆதித்யா சூரியவலுப் படகு 2017 முதல் ஓடுவது அடக்கமான காயல் நீரில். யாழ்ப்பாணத்தில், குறிகட்டுவான் துறையிலிருந்து கால்மணி நேர நயினாதீவுப் பயணத்துக்கும் கடல்நீரேரித் தொழிலுக்கும் சிறு மோட்டார் போதும். ஏறத்தாழ ஒரு மணி நேர நெடுந்தீவுப் பயணத்தில், சோளகக் கடலில், அதை மட்டும் நம்பக்கூடாது. போகத் தேவையானதைப்போல் இரு மடங்கு மின்சாரமும் ஒரு சோடித் துடுப்பும் வள்ளத்தில் இருக்க வேண்டும்.