இரத்த ஓட்டத்தை நிறுத்தி ஓர் அறுவை சிகிச்சை
வணிகர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

கோவில்பட்டியில் பருத்தி, வத்தல் கமிஷன் மண்டி நடத்தும் நமது சங்க உறுப்பினர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்கும் முதுகுக்கும் நடுவே கிழிப்பது போல் வலிக்கிறது என்று சாய்ந்துவிட்டார். வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து சோடா வாங்கிக் கொடுத்ததில் இரண்டு மணி நேரம் போயிற்று. பிறகுதான் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், "இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய் உள்ளே கிழிந்திருக்கிறது. உடம்பைக் குளிர வைத்து, கொஞ்ச நேரம் இரத்த ஓட்டத்தையே நிறுத்தி ஆபரேஷன் செய்ய வேண்டும். கையெழுத்துப் போடுங்கள்" என்றார்.

உடன் சென்ற நமக்கும் அது விளங்கவில்லை. ஓட்டம் நின்றால் உயிர் ஏது என்று வீட்டம்மா அழ, மைத்துனர் ஊருக்குப் போன் போட்டு நாலு பேரிடம் யோசனை கேட்க, மேலும் ஒரு மணி நேரம் கழிந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்தார்; இன்று மீண்டும் கடையில் உட்காருகிறார். ஆனால் வீணான அந்த மூன்று மணி நேரம் நம் மனதை உறுத்துகிறது. இனி எவருக்கும் அப்படி நேரக்கூடாது என்ற எண்ணத்தில், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

கிழிவது எது?

இருதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் கொண்டு செல்லும் தலைமைக் குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். அதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. நெடுநாள் கவனிக்காத இரத்தக் கொதிப்பால் உள் அடுக்கில் கிழிசல் விழுந்தால், இரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து பிளந்துகொண்டே போகும். இருதயத்தை ஒட்டிய பகுதியில் இப்படிக் கிழிந்து, சிகிச்சை இல்லாமல் விட்டால், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் வீதம் இறப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அந்த இடத்துக் கிழிசலுக்கு அறுவை சிகிச்சையே வழி. கீழ்ப்பகுதியில் மட்டும் கிழிந்திருந்தால், பெரும்பாலும் மருந்தால் கொதிப்பை அடக்கியே சமாளிப்பார்கள்.

மடையைப் பழுது பார்க்க...

சாதாரண இருதய அறுவையிலும் இருதயத்தை நிறுத்துவதுண்டு. ஆனால் அப்போது இரத்த ஓட்டம் நிற்பதில்லை. இருதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஓர் இயந்திரம் செய்துகொண்டிருக்கும். அமெரிக்காவில் டாக்டர் கிப்பன் 1953-ல் இந்த இயந்திரத்தைக் கொண்டு முதன்முதலாக வெற்றி கண்டார். நமது தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961-லேயே திறந்த இருதய அறுவை நடந்தது. 1975-ல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்தார்.

பெருந்தமனியின் வளைவுப் பகுதியில் மட்டும் இந்த ஏற்பாடு போதாது. மூளைக்கும் கைகளுக்கும் செல்லும் கிளைகள் அந்த வளைவிலிருந்துதான் பிரிகின்றன. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், தைக்க வேண்டிய இடம் முழுவதும் இரத்தம் நிறைந்துவிடும். கண்மாய் மடையைப் பழுது பார்க்க வேண்டுமானால் தண்ணீரை நிறுத்தத்தானே வேண்டும்? ஆனால் தண்ணீர் நின்றால் பயிர் வாடுமே! உடலில் முதலில் வாடும் பயிர் மூளை. சாதாரண உடல் வெப்பமான 37 டிகிரியில், இரத்தம் இல்லாமல் அது நாலைந்து நிமிடங்களுக்கு மேல் தாங்காது.

குளிர் தரும் தவணை

இங்கேதான் குளிர் உதவிக்கு வருகிறது. வத்தலைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறமும் காரமும் நெடுநாள் நிற்பதை நாம் அறிவோம். குளிரில் எந்த மாற்றமும் மெதுவாகவே நடக்கும். உடலும் அவ்வாறே. வெப்பம் 10 டிகிரி குறைந்தால், உடலுக்கு வேண்டிய பிராணவாயு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. 18 டிகிரிக்கு இறக்கினால் ஐந்தில் ஒரு பங்கு அளவே போதும். ஆகவே நாலைந்து நிமிடம் என்றிருந்த கெடு, இருபது முப்பது நிமிடமாக நீள்கிறது.

இந்த யோசனை புதிதல்ல. கனடாவின் டொரண்டோவில் டாக்டர் பிகலோ, குளிர்காலம் முழுதும் உறங்கும் விலங்குகளையும் ஆராய்ந்து, 1950-லேயே இதை எடுத்துச் சொன்னார். 1952 செப்டம்பர் 2-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டாக்டர் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிர்வித்து, இருதயத்துக்கு வரும் இரத்தத்தைச் சில நிமிடங்கள் தடுத்து நிறுத்தி, அதிலிருந்த ஓட்டையை அடைத்தார். அப்போது இருதய இயந்திரம் வெற்றி பெற்றிருக்கவில்லை. பெரம்பூரில் பைபாஸ் நடந்த அதே 1975-ல், ஸ்டான்போர்டில் டாக்டர் கிரீப் குழுவினர், உடலை ஆழ்ந்து குளிர்வித்துப் பெருந்தமனி வளைவையே மாற்றிய அனுபவத்தை வெளியிட்டனர்.

இப்போது நடைபெறும் முறை இது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது, இயந்திரத்தின் வழியே செல்லும் இரத்தத்தைச் சிறிது சிறிதாகக் குளிர்விக்கிறார்கள். தலையைச் சுற்றி ஐஸ் வைப்பதும் உண்டு. குளிரில் இரத்தம் கெட்டியாவதால், அதை நீர்க்கச் செய்துகொள்கிறார்கள். உரிய அளவு வந்ததும் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். ஒருவர் நிமிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, கிழிந்த பகுதியை நீக்கி, பாலியஸ்டர் நூலில் நெய்த குழாயை வைத்துத் தைக்கிறார்கள். நம் ஜவுளிக் கடைகளில் புழங்கும் பாலியஸ்டர் இங்கே உயிர் காக்கிறது! பிறகு மீண்டும் ஓட்டத்தைத் தொடங்கி, மெல்ல மெல்லச் சூடேற்றுகிறார்கள். அவசரப்பட்டுச் சூடேற்றினால் மூளைக்குக் கேடு.

குளிர் தருவது தவணைதான், தள்ளுபடி அல்ல. ஓட்டம் நின்ற நேரம் நாற்பது நிமிடத்தைத் தாண்டினால் பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே இன்று பல மருத்துவமனைகளில், வலது தோளருகே உள்ள தமனி வழியாக மூளைக்கு மட்டும் தனியே இரத்தம் செலுத்திக்கொண்டே அறுவை செய்கிறார்கள். அப்போது உடலை 24 முதல் 28 டிகிரி வரை குளிர்வித்தாலே போதும். எம்முறையாயினும் இது பெரிய அறுவைதான். பக்கவாதம், சிறுநீரகப் பாதிப்பு, இரத்தக் கசிவு ஆகிய ஆபத்துகள் உண்டு. ஆயினும் செய்யாமல் இருப்பதன் ஆபத்து அதனினும் பெரிது.

நாம் செய்ய வேண்டியவை

1. திடீரென நெஞ்சு அல்லது முதுகு கிழிவது போன்ற வலி வந்தால் சோடாவும் சுக்குக் கஷாயமும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

2. மாரடைப்பு என்று நாமாக முடிவு செய்து மாத்திரை கொடுக்காதீர்கள். மாரடைப்புக்குத் தரும் இரத்தம் உறையாமைக்கான மருந்து, தமனிக் கிழிசலில் கேடு செய்யலாம். வேறுபாட்டை ஸ்கேன்தான் காட்டும்.

3. இந்த அறுவை எல்லா ஊரிலும் நடப்பதல்ல. கோவில்பட்டியிலிருந்து நெல்லை ஏறத்தாழ 55 கிலோமீட்டர். மதுரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர். பெருந்தமனி அறுவை எங்கே நடக்கிறது என்பதை நம்மூர் மருத்துவரிடம் இப்போதே கேட்டு, கடை டைரியில் குறித்து வையுங்கள்.

4. குளிர்ந்த உடலில் இரத்தம் எளிதில் உறையாது. ஆகவே பல யூனிட் இரத்தம் தேவைப்படும். கடைப் பையன்கள், உறவினர்கள் ஆகியோரின் இரத்தப் பிரிவைக் குறித்து வைப்பது நல்லது.

5. செலவு இலட்சக்கணக்கில் ஆகும். 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பு உண்டு; கடை வைத்திருப்போர் பலர் அதற்குள் வரமாட்டார்கள். சரக்குக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும் நாம், உடம்பு நன்றாக இருக்கும்போதே அதற்கும் எடுத்துவிட வேண்டும்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, இரத்தக் கொதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் இல்லை என்பதால் மாத்திரையை நிறுத்துவோர் நம்மில் பலர். கொதிப்பு சொல்லிவிட்டு வருவதில்லை.

அன்பார்ந்த வணிகப் பெருமக்களே! அறுவை மேசையில் குளிர் அரைமணி நேரத் தவணை வாங்கித் தரும். ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனை வாசல் வரை ஆகும் நேரத்துக்கு எவரும் தவணை தரமாட்டார்கள். ஆகவே, "ஓட்டத்தை நிறுத்தப் போகிறோம்" என்று ஒரு மருத்துவர் எப்போதாவது சொன்னால், கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெளிந்து, தாமதமின்றி முடிவு செய்யுங்கள். அவர் நிறுத்துவது, ஓட்டம் தொடர வேண்டும் என்பதற்காகத்தான்.