4 நாளாகியும் காய்ச்சல் விடலையா? அக்குள், இடுப்பில் கருப்பு புண் இருக்கா பாருங்க!

மழை விட்டு பனி இறங்கும் மாதங்களில் காய்ச்சல் வந்தால் டெங்குவா, டைபாய்டா என்றுதான் முதலில் பயம் வரும். இந்த இரண்டிலும் சேராத இன்னொரு காய்ச்சல் இருக்கிறது. டாக்டர்கள் 'ஸ்க்ரப் டைபஸ்' என்பார்கள். தமிழில் உண்ணிக் காய்ச்சல். சின்னாளப்பட்டி பக்கம் சிறுமலை அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்கள், திராட்சை, பூந்தோட்டங்களில் களை எடுப்பவர்கள், விறகு பொறுக்குகிறவர்கள் இதை தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

உண்ணி என்றதும் ஆட்டு காதில், நாய் கழுத்தில் மொச்சைக் கொட்டை மாதிரி தொங்குமே, அது இல்லை. இது கண்ணுக்கே சரியாக தெரியாத பொடிப் பூச்சி. மல்லிகைச் செடியில் விழும் செம்பேனுக்கு தூரத்து சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும். எலி மேல் ஏறி வாழும். மனுஷன் அந்தப் பக்கம் போனால் அவன் மேலும் ஏறிவிடும். கடிக்கும்போது வலிக்காது. கடித்து 6 நாளில் இருந்து 3 வாரத்துக்குள் குளிர் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு வலி எல்லாம் சேர்ந்து வரும்.

சிகரெட் சூடு மாதிரி

கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி கருப்பாக பொருக்கு தட்டியிருக்கும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அதனால் நோயாளிக்கே தெரியாது. அது இருக்கும் இடமும் அப்படி. அக்குள், தொடை இடுக்கு, வேட்டி பாவாடை கட்டும் இடம், மார்புக்கு அடியில், காதுக்கு பின்னால்! பெண்கள் கூச்சப்பட்டு காட்டுவதில்லை. கூட்டம் நெரியும் கிளினிக்கில் டாக்டருக்கும் சட்டையைக் கழற்றிப் பார்க்க நேரம் இருப்பதில்லை. வீட்டில் இருக்கும் பொம்பளைங்களே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சொல்லலாமே.

எல்லோருக்கும் இந்தப் புண் வராது என்பதுதான் சிக்கல். அதனால், "ரெண்டு வாரத்துக்கு முன்னால காட்டுக்குப் போனேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது பெரிய துப்பு.

மாத்திரை மலிவு, தாமதம்தான் ஆபத்து

மெடிக்கலில் கேட்டு வாங்கும் அமாக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. கிருமி உடம்பு செல்லுக்குள் போய் ஒளிந்துகொள்வதுதான் காரணம். இதற்கு டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். விலை ரொம்ப குறைவு. சரியான மாத்திரை விழுந்தால் பெரும்பாலும் 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். அதற்காக நீங்களே வாங்கி முழுங்கக் கூடாது. எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வைடால் டெஸ்ட் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு டைபாய்டு என்று முடிவு கட்டுவது நம்ம ஊர்ப் பக்கம் சகஜம். அதில் ஒரு வாரம் ஓடிவிடும். இரண்டாவது வாரத்தில் மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, கிட்னி பாதிப்பு, மூளைக் காய்ச்சல் என்று முற்றி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்கென்று தனியாக எலிசா ரத்தப் பரிசோதனை உண்டு. சந்தேகம் பலமாக இருந்தால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் மாத்திரையை ஆரம்பிக்கலாம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல்.

வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் தலைமையில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் பலன் அதிகம் என்று தெரிந்தது. 7 ஆஸ்பத்திரிகளில் கிட்டத்தட்ட 800 பேரிடம் பார்த்த முடிவு இது. அமெரிக்காவில் உண்ணி கடித்து வரும் 'லைம்' நோய்க்கும் இதே டாக்சிசைக்ளின்தான் கொடுக்கிறார்கள்.

காட்டு வேலைக்கு முழுக்கை சட்டை போடுங்கள். புல்தரையில் வெறும் உடம்போடு படுக்காதீர்கள். வீடு திரும்பியதும் சோப்பு போட்டு தேய்த்துக் குளித்து, துணியை வெந்நீரில் அலசுங்கள். ஆட்டு உண்ணி உடம்பில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். எந்த தேதியில் எடுத்தீர்கள் என்று காலண்டரில் குறித்து வைத்து, 3 வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தத் தேதியை டாக்டரிடம் சொல்லுங்கள்.