இங்கிலீசு பத்தாதா கண்ணு?

பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவர்களைக் கேட்டால் மதிப்பெண்ணுக்காக என்பார்கள். ஜெர்மன் படிக்கும் நர்சிங் பிள்ளைகளுக்கு ஜெர்மனியில் வேலை இருக்கிறது. பி.காம். படிக்கிற நான் ஸ்பானிஷ் படிக்கிறேன் என்றால் மட்டும் வெள்ளகோவிலில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "ஏங்கண்ணு, இங்கிலீசு பத்தாதா?" என்று கேட்டார் கூலிக்குத் தறி ஓட்டும் எங்கப்பா.

பத்தும்தான். திருப்பூரில் மெர்ச்சன்டைசராக இருக்கும் என் மாமா, ஸ்பெயின் பையருக்கு ஆங்கிலத்தில்தான் மெயில் போடுகிறார். சாம்பிள் அனுப்ப, ஷேடுக்கு ஓ.கே. வாங்க, ஷிப்மென்ட் தேதி பேச அது போதும். ஆனால் எந்தச் சட்டை விற்கும், எதை எந்த ஊரில் தைப்பது என்ற பேச்சு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சு நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அந்த இடம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியா. ரயில்வே தொழிலாளியின் மகன் அமான்சியோ ஒர்தேகா, சின்ன வயதிலேயே சட்டைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1975-ல் அங்கே அ கொருஞா நகரில் முதல் ஸாரா ஆடைக் கடையைத் திறந்தார். ஸாராவை நடத்தும் அவருடைய இன்டிடெக்ஸ் நிறுவனம் இன்றைக்கும் பக்கத்து ஊரான ஆர்தெய்ஷோவில் இருந்துதான் நடக்கிறது. சீசன் முடிவதற்குள் கடைக்கு வந்தாக வேண்டிய புது மாடல்களை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ, துருக்கி என்று அருகிலேயே தைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் காத்திருந்தாலும் விலை போகும் சாதா டி-ஷர்ட் மாதிரியான சரக்குதான் பெரும்பாலும் ஆசியாவுக்கு வருகிறது. அதாவது, நம் பக்கம்.

மொழி, பயந்த அளவுக்கு இல்லை. உயிரொலி ஐந்தே ஐந்து. 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' அதில் அடங்கிவிடுவது போலத்தான் அவர்கள் வினைச்சொல்லும். இறந்தகாலம் இரண்டு வகையாகப் பிரிவதுதான் உயிரை வாங்குகிறது. தறிக் கொட்டகை வீட்டை ஒட்டியே இருப்பதால், காதால் கேட்டுப் பழகும் பயிற்சிக்குப் பாவு தீர்ந்து தறி நிற்க வேண்டும். அப்பாவுக்குக் கூலி நிற்கும் நேரம் எனக்குப் பாட நேரம்!

ஸ்பெயின் கிடைக்காவிட்டாலும் படிப்பு வீணில்லை. மெக்சிகோ, கொலம்பியா, பெரு என்று, ஸ்பெயினையும் சேர்த்து 20 நாடுகளில் இது ஆட்சிமொழி. அங்கெல்லாம் திருப்பூர்ச் சரக்கை விற்கப் போகிறவருக்கு ஆங்கிலம் மட்டும் கைகொடுக்காது.

ஸ்பெயினுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. ஸ்பெயின் அரசின் பெயரில் செர்வாந்தெஸ் நிலையம் தரும் டெலே சான்றிதழ், ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் கொண்டது. வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஸ்பானிஷில் நடக்கும் பட்டப்படிப்புகளுக்குப் பல பல்கலைக்கழகங்கள் பி1 அல்லது பி2 கேட்கின்றன. மாணவர் விசாவுக்கு மாதம் 600 யூரோ கணக்கில் பணம் காட்ட வேண்டும். அங்கே பகுதிநேர வேலைக்கு அனுமதி உண்டு; ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். மொழித் தேர்வைத் தாண்டும் வரை எந்த ஏஜென்டுக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.